கிளப் மாறுவது எப்படி: செட்டிநாட்டுப் பையன்களுக்கும் வீட்டாருக்கும்

ரங்கூனுக்கும் பினாங்குக்கும் கொண்டுவிக்க, அதாவது வியாபாரம் பார்க்க, போன அந்தக் காலத்து ஆட்கள் சம்பளச் சீட்டு எழுதாமல் கப்பல் ஏறியதில்லை. எத்தனை வருஷக் கணக்கு, முன்பணம் எவ்வளவு, மிச்சம் எப்போது என்று எல்லாம் சீட்டில் இருக்கும். அதே ஊர்களில் இருந்து இன்றைக்குக் கால்பந்து விளையாடப் போகிற பையன்கள் வாட்ஸ்அப்பில் வந்த ஒரு "ஓகே தம்பி, வந்துடு"வை நம்பிக் காரைக்குடியில் பல்லவன் ரயில் ஏறிவிடுகிறார்கள். ஆட்டம் போதாமல் திரும்பி வருகிறவர்களைவிட, காகிதமும் தேதியும் சரியில்லாமல் திரும்பி வருகிறவர்கள்தான் அதிகம்.

2022 டூரண்ட் கோப்பை இறுதியில் மும்பை சிட்டிக்கு எதிராக பெங்களூரு எஃப்.சி.க்காக கோல் அடித்த சிவசக்தி நாராயணன் கண்டனூர்க்காரர். அதனால் இந்தப் பக்கத்தில் "நம்ம ஊரில் இருந்து போக முடியுமா" என்று இப்போது யாரும் கேட்பதில்லை. எப்படிப் போவது, போன இடத்தில் இருந்து அடுத்த இடத்துக்கு எப்படி மாறுவது என்பதுதான் கேள்வி.

முதலில் பெயரைச் சரி செய்யுங்கள்

கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் தமிழ்நாட்டுப் பையன்களின் பதிவு தொங்கி நிற்க முதல் காரணம் இன்ஷியல். பள்ளிச் சான்றிதழில் 'மு. கார்த்திக்'. ஆதாரில் 'கார்த்திக் எம்'. பாஸ்போர்ட்டில் பெயர் 'கார்த்திக்', குடும்பப் பெயர் 'முத்தையா'. வங்கிக் கணக்கில் 'எம் கார்த்திக்'. ஊரில் நான்கும் ஒரே ஆள்தான். கணினிக்கு நான்கு பேர். சுவீகாரம் போன பிள்ளை என்றால் இன்ஷியலே வேறாக இருக்கும், பிறப்புச் சான்றிதழில் பெற்ற தகப்பன் பெயர் இருக்கும். அங்கே சுவீகாரப் பத்திரத்தின் நகலும் சேர்த்துத் தர வேண்டிவரும்.

சரி செய்யும் வரிசை முக்கியம். அடிப்படை பிறப்புச் சான்றிதழ். பல வீடுகளில் பிறப்பைப் பதிந்திருப்பார்கள், பெயரைச் சேர்த்திருக்க மாட்டார்கள். நகராட்சியிலோ பேரூராட்சியிலோ முதலில் பெயரைச் சேருங்கள். அதன்படி ஆதார், அதன்படி பான், அதன்படி பாஸ்போர்ட், கடைசியில் வங்கி. இன்ஷியலை எங்கும் விடாதீர்கள். தகப்பனார் பெயரை முழுசாக விரித்து, எல்லா இடத்திலும் ஒரே எழுத்துக்கூட்டலில் போடுங்கள். 'முத்தையா'வுக்கு ஆங்கிலத்தில் ஓரிடத்தில் எச் இருந்து இன்னோரிடத்தில் இல்லாவிட்டாலும் நிற்கும். சிவகங்கை மாவட்டத்துக்கு மதுரைதான் பாஸ்போர்ட் அலுவலகம். வெளிநாட்டு வாய்ப்பே இல்லையென்றாலும் பாஸ்போர்ட்டை எடுத்து வையுங்கள். வாய்ப்பு வந்த பிறகு எடுக்க நேரம் இருக்காது.

அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்தின் பதிவுத் தளத்துக்கு சி.ஆர்.எஸ். என்று பெயர். தமிழக அரசின் பிறப்பு இறப்புப் பதிவுத் தளத்தையும் சி.ஆர்.எஸ். என்றே சொல்கிறார்கள். போனில் "சி.ஆர்.எஸ். சர்டிஃபிகேட் அனுப்பு" என்று யாராவது கேட்டால் எதைக் கேட்கிறார்கள் என்று ஒருமுறைக்கு இருமுறை கேளுங்கள்.

வயதில் விளையாட வேண்டாம். சிறுவர் லீக்குகளில் சம்மேளனம் டி.டபிள்யூ.3 என்ற முறையில் மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பு வயதைப் பார்க்கிறது. பள்ளியில் சேர்க்கும்போது ஒரு வருஷம் குறைத்துச் சொன்ன தேதி, பதினான்கு வயதில் பையனை வெளியே நிறுத்திவிடும்.

இப்போது யார் பேரேட்டில் இருக்கிறீர்கள்?

ஒரு கிளப்பில் இருந்து இன்னொன்றுக்கு மாறுவது என்றால் நடைமுறையில் உங்கள் பதிவு ஒரு பேரேட்டில் இருந்து இன்னொரு பேரேட்டுக்குப் போவதுதான். அதனால் உங்கள் பதிவு எங்கே இருக்கிறது என்று முதலில் தெரிய வேண்டும். பலருக்குத் தெரியாது. இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு லீக்குக்காக ஏதோ ஒரு கிளப் ஆதார் நகல் வாங்கியிருக்கும், பதிவும் செய்திருக்கும், பையன் மறந்தே போயிருப்பான். புதிய கிளப் பெயரைத் தட்டும்போது 'ஏற்கெனவே பதிவு உள்ளது' என்று வரும். பழைய கிளப்பின் செயலாளர் போனை எடுக்க மாட்டார். ஆகஸ்ட் கடைசி வாரத்தில் இது நடந்தால் அந்த சீசன் போச்சு.

எனவே ஒவ்வொரு மே மாதமும் மூன்று விஷயத்தைக் கேட்டு எழுதி வையுங்கள்: உங்கள் பதிவு எண், எந்த கிளப்பின் பெயரில், எந்தத் தேதி வரை. கூடவே, அமெச்சூரா தொழில்முறையா என்பது. உலகக் கால்பந்து சம்மேளனமான ஃபிஃபாவின் விதிப்படி எழுத்தில் ஒப்பந்தம் இருந்து, விளையாடுவதற்கு ஆகிற செலவைவிட அதிகமாகப் பணம் வாங்கினால் தொழில்முறை, மற்றதெல்லாம் அமெச்சூர். பஸ் காசும் பூட்ஸும் வாங்கித் தந்ததால் யாரும் தொழில்முறை ஆட்டக்காரர் ஆகிவிடுவதில்லை. தொழில்முறையாக ஆடியவர் மறுபடி அமெச்சூராகப் பதிய வேண்டுமென்றால், கடைசியாக ஆடிய ஆட்டத்தில் இருந்து 30 நாள் கழிய வேண்டும். சீசன் முடிந்ததும் ஊர் கிளப்புக்கு ஒரு கோப்பை ஆடித் தர நினைப்பவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள்.

இன்னொரு கணக்கு: ஒரு சீசனில் அதிகபட்சம் மூன்று கிளப்புகளில் பதியலாம், ஆனால் அதிகாரபூர்வ ஆட்டம் இரண்டு கிளப்புக்குத்தான் ஆடலாம். ஜூலையில் ஓர் அணிக்கும் செப்டம்பரில் இன்னொன்றுக்கும் ஆடிவிட்டு ஜனவரியில் மூன்றாவதற்குப் போனால், பதிவு நடக்கும், களத்தில் இறங்க முடியாது. மாநில லீக்கில் ஆடியது இந்தக் கணக்கில் சேருமா என்பதைப் புதிய கிளப்பிடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். வாய்ப்பேச்சு போதாது.

நாள்காட்டி

பதிவுக் காலம், அதாவது விண்டோ, வருஷத்துக்கு இரண்டு. தேதிகளை சம்மேளனம் ஒவ்வொரு வருஷமும் அறிவிக்கும். கோடையில் நீளமாக ஒன்று, ஜனவரியை ஒட்டிச் சின்னதாக ஒன்று என்பது வழக்கம். ஒப்பந்தம் முடிந்து கையில் கிளப் இல்லாதவர்களுக்கு விண்டோ மூடிய பிறகும் சில சமயம் இடம் உண்டு. ஆனால் விண்டோ மூடும் முன்பே ஒப்பந்தம் முடிந்திருக்க வேண்டும்.

ஒப்பந்தம் மே 31-இல் முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். கடைசி ஆறு மாதத்துக்குள் வந்துவிட்டால் வேறு கிளப்போடு அடுத்த சீசனுக்குக் கையெழுத்துப் போட உங்களுக்கு உரிமை உண்டு. அதாவது டிசம்பர் 1-இல் இருந்து. அதற்கு முன்பே பேச வேண்டுமென்றால், உங்களைக் கேட்கிற கிளப் உங்கள் இப்போதைய கிளப்புக்கு எழுத்தில் தெரிவித்துவிட்டுத்தான் பேச வேண்டும். ஏப்ரலில் சீசன் முடிந்த பிறகு தேடலாம் என்று உட்கார்ந்திருப்பவர் ஏற்கெனவே நான்கு மாதம் பிந்திவிட்டார்.

ஜனவரி விண்டோவும் பொங்கலும் ஒரே மாதத்தில் வருகின்றன. பொங்கலுக்கு ஊர் வந்தால் கண்மாய்க் கரையிலோ பள்ளிக்கூட மைதானத்திலோ எழுவர் போட்டி நடக்கும், ஊர்ப் பெயருக்காக இறங்கச் சொல்வார்கள், மறுப்பது கஷ்டம். இறங்காதீர்கள். வேறு எந்த ஆட்டமும் ஆடக்கூடாது என்று பெரும்பாலான ஒப்பந்தங்களில் ஒரு வரி இருக்கும். அடிபட்டால் கிளப்பின் காப்பீடு கைகொடுக்காது. செம்மண் தரை காய்ந்து இறுகி, மேலே பொடிச் சரளை கிடக்கும். பூட்ஸின் அடியில் இருக்கும் ஸ்டட் கொஞ்சம் பிடித்து விட்டாலே முழங்கால் திரும்பிவிடும். பரிசு கொடுக்க மேடை ஏறுங்கள், சல்லிக் காளையைப் பிடிக்கவும் வேண்டாம்.

ஆளைக் காட்டுவது

வீடியோ மூன்று, நான்கு நிமிஷம் போதும். முதல் காட்சியில் உங்கள் மேல் ஒரு வட்டமோ அம்போ இருக்க வேண்டும். ஜெர்சி எண், ஆடும் இடம், எந்தக் கால், உயரம், பிறந்த தேதி எழுத்தில். ஒவ்வொரு துண்டும் பந்து உங்களிடம் வருவதற்கு மூன்று நான்கு நொடி முன்பே தொடங்கட்டும். பந்து வருமுன் தலையைத் திருப்பிப் பார்த்தீர்களா என்பதைத்தான் பயிற்சியாளர் தேடுவார். பாட்டுப் போடாதீர்கள். கோல் தொகுப்பு மட்டும் அனுப்பினால் யாரும் நம்புவதில்லை. வெட்டாத முழு ஆட்டம் இரண்டின் இணைப்பும் கூடவே போகட்டும், அதில் ஒன்று நீங்கள் தோற்ற ஆட்டமாக இருந்தாலும் பரவாயில்லை. தடுப்பாட்டக்காரருக்குத் தோற்ற ஆட்டமே நல்ல சாட்சி.

செட்டிநாட்டில் இருந்து அடுத்த படி பெரும்பாலும் சென்னை லீக்தான். பார்க்கிற கண்கள் அங்கே இருக்கின்றன. ட்ரயலுக்குப் பணம் கேட்கிற இடத்தைத் தாண்டிப் போய்விடுங்கள். கிளப் கூப்பிட்டால் தங்க இடமும் சாப்பாடும் கிளப் தரும். ரயில் டிக்கெட் உங்கள் காசாக இருக்கலாம், அதில் தப்பில்லை.

நடுவில் வரும் ஆட்கள்

ஏஜெண்டுக்கு ஃபிஃபா உரிமம் வேண்டும். தேர்வு எழுதி வாங்குவது அது. ஃபிஃபா தளத்தில் பெயரைத் தட்டினால் தெரிந்துவிடும். இல்லையென்றால் அவர் ஏஜெண்ட் இல்லை, வெறும் தெரிந்தவர். ஆட்டக்காரரோடு ஏஜெண்ட் போடும் ஒப்பந்தம் இரண்டு வருஷத்துக்கு மேல் கூடாது. கமிஷன் எவ்வளவு என்பதில் 2023-இல் வந்த விதி ஓர் உச்சவரம்பு வைத்தது: வருஷச் சம்பளம் 2 லட்சம் டாலர் வரை என்றால் 5 சதவீதம். வழக்குகள் வந்ததால் 2023 டிசம்பர் 30-இல் அந்த வரம்பை ஃபிஃபா நிறுத்தி வைத்தது. ஆனாலும் 5 என்பது நல்ல அளவுகோல். பத்து கேட்டால் ஏன் என்று கேளுங்கள். கமிஷன் உங்களுக்குச் சம்பளம் வர வரத்தான் போக வேண்டும். மொத்தத்தையும் முதல் மாதமே கேட்பவருக்கு இரண்டாம் மாதம் உங்கள்மேல் அக்கறை இருக்காது.

ஊர்ப் பெரியவர் ஒருவர் பூட்ஸ் வாங்கித் தந்து, சென்னையில் தங்க வாடகையும் கொடுத்து உதவியிருப்பார். நல்ல மனசுதான். "நாளைக்குப் பெரிய கிளப்புக்குப் போனா வர்ற பணத்துல ஒரு பங்கு" என்று ஒரு தாளில் எழுதிக் கேட்டால் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள். கிளப் மாறும்போது கைமாறும் தொகையில் வெளியாள் யாருக்கும் பங்கு இருக்கக்கூடாது என்று ஃபிஃபா 2015-இல் தடை போட்டுவிட்டது. தண்டனை உங்களுக்கும் வரும். கடன் என்றால் புரோநோட் எழுதிக் கடனாக வாங்கி, கடனாகத் திருப்பிக் கொடுங்கள். வட்டிக் கணக்கு நம் ஊருக்குப் புதிதா என்ன.

ஒப்பந்தத்தைப் படிப்பது

"தம்பி, இதெல்லாம் ஃபார்மாலிட்டி, கடைசிப் பக்கத்துல மட்டும் போடு." இந்த வாக்கியம் காதில் விழுந்தால் பேனாவை மூடுங்கள். எல்லாப் பக்கத்தின் கீழேயும் கையெழுத்து வேண்டும், உங்களுக்கு ஒரு மூலப்பிரதி அன்றைக்கே வேண்டும். ஆங்கிலம் தடையாக இருந்தால் காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ ஒரு வக்கீலிடம் கொடுத்து வரிவரியாகச் சொல்லச் சொல்லுங்கள். கால்பந்து தெரியாத வக்கீலாக இருந்தாலும் பாதகமில்லை, பணம் எப்போது வரும் என்பது அவருக்குப் புரியும்.

முதலில் மாதங்களை எண்ணுங்கள். ஒரு கிளப் மாதம் 70,000 என்கிறது, இன்னொன்று 60,000. முதலாவது ஒப்பந்தம் ஒன்பது மாதம்: 6,30,000. இரண்டாவது பன்னிரண்டு மாதம்: 7,20,000. அதிகமாகத் தெரிந்தது 90,000 குறைவு. முதல் கிளப்பில் தங்க இடம் இல்லை, மாத வாடகை 8,000 என்றால் இன்னும் 72,000 போகும். கிளப் வரி பிடித்துக்கொண்டுதான் தரும். விளையாட்டு வீரர்களைத் தொழில்முறைக் கட்டணக் கணக்கில் வைத்தால் பத்து சதவீதம் பிடிப்பார்கள், 70,000 கைக்கு 63,000-ஆக வரும். பிடித்ததைக் கட்டினார்களா என்று வருமான வரித் தளத்தில் உங்கள் பான் கணக்கில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள். பிடித்துவிட்டுக் கட்டாத இடங்கள் உண்டு.

அடுத்து, காலம். ஃபிஃபா விதிப்படி ஒப்பந்தம் குறைந்தது சீசன் முடியும் வரை, அதிகபட்சம் ஐந்து வருஷம். 18 வயது ஆகாதவருக்கு மூன்று வருஷத்துக்கு மேல் செல்லாது. 'ஒன்று ப்ளஸ் ஒன்று' என்று எழுதியிருந்தால் அந்த இரண்டாவது 'ஒன்று' யார் கையில் என்று பாருங்கள். கிளப் விரும்பினால் நீட்டலாம் என்று மட்டும் இருந்தால், நீங்கள் நன்றாக ஆடினால் பழைய சம்பளத்திலேயே கட்டி வைப்பார்கள், சரியாக ஆடாவிட்டால் விட்டுவிடுவார்கள். இரண்டு பக்கமும் கிளப்புக்கே லாபம். நீட்டுவதாக இருந்தால் மார்ச் 31-க்குள் எழுத்தில் சொல்ல வேண்டும், சம்பளம் இத்தனை சதவீதம் ஏற வேண்டும் என்று சேர்க்கச் சொல்லுங்கள்.

அடிபட்டால் என்ன என்பது மூன்றாவது, எங்கள் கணக்கில் இதுதான் முதலாவது. முழங்காலுக்குள் இருக்கும் ஏ.சி.எல். என்ற தசைநார் கிழிந்தால் அறுவைக்குப் பிறகு களத்துக்குத் திரும்பப் பெரும்பாலும் ஒன்பது மாதமோ அதற்கு மேலோ ஆகும். ஒப்பந்தமே ஒன்பது மாதம்தான் என்றால், அடிபட்ட மறுநாளே உங்கள் தொழில் ஒப்பந்தத்துக்கு வெளியே போய்விட்டது. இதை எதிர்பார்த்து மூன்று வரி வேண்டும்: காயத்தின்போதும் முழுச் சம்பளம், அறுவை, பிசியோ செலவு கிளப்புடையது, ஒப்பந்தம் முடிந்தாலும் மருத்துவர் 'ஆடலாம்' என்று எழுதித் தரும் வரை சிகிச்சைச் செலவு கிளப்புடையது. மூன்றாவது வரிக்கு எளிதில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். கேட்டுப் பாருங்கள், மூன்று மாதத்துக்காவது ஒத்துக்கொண்டால் லாபம்.

மருத்துவப் பரிசோதனை கையெழுத்துக்கு முன்பு நடக்க வேண்டும். 'மெடிக்கலில் தேறினால்தான் ஒப்பந்தம் செல்லும்' என்று எழுத ஃபிஃபா அனுமதிப்பதில்லை, வேலை விசா கிடைத்தால்தான் செல்லும் என்பதும் அப்படியே. பழைய எம்.ஆர்.ஐ. இருந்தால் மறைக்காமல் சி.டி.யோடு எடுத்துப் போங்கள். மறைத்தது பின்னால் தெரிந்தால் அதையே காரணமாக வைத்து ஒப்பந்தத்தை முறிப்பார்கள்.

கடைசியாக, கிளப்புக்கே ஏதாவது ஆனால்? இந்தியாவில் இது வெறும் கற்பனை இல்லை. 2019-இல் டெல்லி டைனமோஸ் அப்படியே புவனேசுவரத்துக்குப் போய் ஒடிசா எஃப்.சி. ஆனது. அதே வருஷம் புனே சிட்டி மூடப்பட்டு அந்த இடத்தில் ஐதராபாத் எஃப்.சி. வந்தது. 2025-இல் ஐ.எஸ்.எல். என்ற இந்தியன் சூப்பர் லீக் தொடங்குவதே தள்ளிப்போய், சில கிளப்புகள் சம்பளத்தை நிறுத்தின. எனவே 'கிளப் லீக்கில் இருந்து விலகினால், உரிமம் இழந்தால், ஊர் மாறினால் ஆட்டக்காரர் கட்டணமின்றி விலகலாம்' என்று ஒரு வரி எழுதி வாங்குங்கள். ஒரு வரிதான். அது இல்லாதவர்கள் மாதக்கணக்கில் பதிவு சிக்கி உட்கார்ந்திருப்பார்கள்.

விலகும் வழிகள்

ஒப்பந்தம் முடிந்து போவது எளிது. தகராறு இல்லை, தொகை இல்லை. ஒப்பந்தக் காலத்துக்குள் போவதென்றால் கிளப்புகள் இரண்டும் ஒரு தொகை பேசும். உங்கள் சம்மதம் இல்லாமல் யாரும் உங்களை விற்க முடியாது. மூன்றாவது, இரு தரப்பும் ஒத்துக்கொண்டு பாதியில் முடித்துக்கொள்வது. இங்கேதான் கவனம். "என்.ஓ.சி. வேணும்னா இதுல கையெழுத்துப் போடு" என்று ஒரு தாள் நீட்டுவார்கள். என்.ஓ.சி. என்பது ஆட்சேபணை இல்லை என்ற சான்று. அதில் 'எனக்குச் சேர வேண்டியது அனைத்தும் பெற்றுக்கொண்டேன்' என்று இருக்கும். இரண்டு மாதப் பாக்கி நின்றிருக்கும். அவசரத்தில் போட்டுவிட்டால் அந்தப் பாக்கியை மறந்துவிட வேண்டியதுதான். 'பாக்கி ரூபாய் இவ்வளவு, இந்தத் தேதிக்குள், இந்தக் கணக்கில் ஏறிய பின்பே இந்த முடிவு செல்லும்' என்று கைப்பட எழுதிச் சேர்த்து, இரு தரப்பும் அதன் அருகில் சுருக்கொப்பம் இட்ட பிறகு கையெழுத்து.

லோன், அதாவது கொஞ்ச காலத்துக்கு வேறு கிளப்புக்கு ஆடப் போவது, நான்காவது வழி. இருபது வயதுப் பையனுக்குப் பெரிய கிளப்பின் பெஞ்சைவிட சின்ன கிளப்பின் தொண்ணூறு நிமிஷம் மேல் என்பதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை. லோனில் போனாலும் தாய் கிளப்பின் ஒப்பந்தம் அப்படியே இருக்கும். சம்பளம் யார் தருவது, பாதிப் பாதியா, ஒருவர் தராவிட்டால் மற்றவர் பொறுப்பா என்பது லோன் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். ஒரு லோன் ஒரு வருஷத்தைத் தாண்டக்கூடாது. லோன் வாங்கிய கிளப் உங்களை இன்னொரு கிளப்புக்கு லோன் விடவும் முடியாது.

சேரப்போகும் கிளப்பின் மேல் பதிவுத் தடை இருக்கிறதா என்றும் பாருங்கள். பழைய பாக்கிக்காக ஃபிஃபா தடை போட்டிருந்தால் அந்தப் பட்டியல் ஃபிஃபா தளத்தில் எல்லோர் பார்வைக்கும் இருக்கிறது. தடை உள்ள கிளப் உங்களோடு ஒப்பந்தம் போடலாம், போட்டோ எடுத்துச் சால்வை போடலாம், ஆனால் பதிய முடியாது.

கையெழுத்து ஆனதும் வேலை முடியவில்லை. புதிய கிளப் பதிவுத் தளத்தில் ஒப்பந்தத்தை ஏற்ற வேண்டும், பழைய கிளப் விடுவிக்க வேண்டும், சங்கங்கள் ஒப்புதல் தர வேண்டும். விண்டோ மூடுவதற்குப் பத்து நாள் முன்பே எல்லாம் ஏறிவிட வேண்டும் என்று வையுங்கள். உங்கள் பெயர் எந்த நிலையில் நிற்கிறது என்று கிளப்பிடம் தினமும் ஸ்க்ரீன்ஷாட் கேளுங்கள். கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம்.

கடல் தாண்டி

மலேசியா, சிங்கப்பூர் என்றால் நம் வீடுகளில் ஒரு சொந்தம் இருக்கும், அதனால் சீக்கிரம் நம்பிவிடுவோம். நாடு விட்டு நாடு மாறப் பழைய நாட்டின் சங்கம் புதிய நாட்டின் சங்கத்துக்கு ஐ.டி.சி. என்ற சான்றிதழ் அனுப்ப வேண்டும். அது இரு சங்கங்களுக்கு நடுவே கணினியில் நடப்பது. உங்கள் கையில் யாரும் தர மாட்டார்கள், உங்களிடம் காசும் கேட்க மாட்டார்கள். "ஐ.டி.சி. ஃபீஸ்" என்று ஒருவர் கேட்டால் அது மோசடி.

18 வயது ஆகாத பையனை வெளிநாட்டு கிளப் பதியக்கூடாது. பெற்றோர் கால்பந்தோடு சம்பந்தமில்லாத காரணத்துக்காக அங்கே குடியேறியிருந்தால் என்பது போன்ற சில விலக்குகள் மட்டுமே உண்டு. ஐரோப்பாவில் பதினைந்து வயதுப் பையனுக்கு அகாடமி இடம், லட்சங்களில் கட்டணம் என்று வரும் அழைப்பு பெரும்பாலும் பள்ளிக் கட்டணமும் சுற்றுலாவும்தான், கிளப் பதிவு இல்லை. சுற்றுலா விசாவில் போய் ட்ரயல் ஆடலாம் என்பவர்களை நம்பி வீட்டு நகையை வங்கிக்குக் கொண்டுபோகாதீர்கள்.

சம்பளம் நின்றால்

கோபத்தில் பயிற்சிக்குப் போகாமல் இருப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. அன்றைக்கே கிளப் 'ஒழுங்கு மீறல்' என்று ஒரு கடிதம் தயார் செய்துவிடும். பயிற்சிக்குப் போங்கள், வருகைப் பதிவில் பெயர் இருக்கட்டும்.

ஃபிஃபா விதி இது: இரண்டு மாதச் சம்பளம் உரிய தேதியில் வராவிட்டால், எழுத்தில் அறிவிப்புக் கொடுத்து, குறைந்தது 15 நாள் கெடு தந்து, அதற்குள்ளும் வராவிட்டால் நியாயமான காரணத்தோடு ஒப்பந்தத்தை முடிக்கலாம். வருஷா வருஷம் திருத்தங்கள் வரும் என்பதால் சம்மேளனத்தின் அந்த வருஷத்து விதிப்புத்தகத்தையும் இறக்கிப் பார்த்துவிடுங்கள். கடிதம் ஆங்கிலத்தில் போகட்டும், ஏனென்றால் தகராறு ஆனால் டெல்லியில் அதைப் படிக்கப் போகிறார்கள். உள்ளே இருக்க வேண்டியது இவ்வளவுதான்:

"இன்ன தேதியிட்ட ஒப்பந்தத்தின் இன்ன பிரிவின்படி செப்டம்பர், அக்டோபர் மாதச் சம்பளம், மொத்தம் ரூ. 1,40,000, முறையே செப்டம்பர் 30, அக்டோபர் 31 அன்று தரப்பட்டிருக்க வேண்டும். இன்றுவரை வரவில்லை. இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் என் வங்கிக் கணக்கில் செலுத்தக் கோருகிறேன். தவறினால் நியாயமான காரணத்தோடு ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளும் உரிமையைப் பயன்படுத்துவேன்."

திட்டு வேண்டாம், குடும்பக் கஷ்டம் வேண்டாம். மின்னஞ்சலிலும், சேர்ந்ததற்கு அத்தாட்சி கிடைக்கும்படி ஸ்பீட் போஸ்டிலும் அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் கெஞ்சியது அறிவிப்பு ஆகாது. பதினாறாம் நாளில் முடிப்புக் கடிதம், பிறகு சம்மேளனத்தின் ஆட்டக்காரர் தகுதிக் குழுவில் முறையீடு. வழிகாட்ட இந்திய கால்பந்து ஆட்டக்காரர் சங்கம் இருக்கிறது. கையில் ஒப்பந்தப் பிரதியும் வங்கிக் கணக்கு விவரமும் இல்லாமல் அவர்களாலும் ஒன்றும் செய்ய முடியாது.

ஊர் கிளப்புக்கு வர வேண்டியது

இது வளர்த்துவிட்டவர்களுக்கான கணக்கு. ஒப்பந்தக் காலத்துக்குள் தொகை கொடுத்து ஓர் ஆட்டக்காரர் நாடு விட்டு நாடு மாறினால், அந்தத் தொகையில் 5 சதவீதம் அவரை 12 முதல் 23 வயது வரை வளர்த்த கிளப்புகளுக்குப் பிரியும். 12 முதல் 15 வரை சீசனுக்கு 0.25 சதவீதம், 16 முதல் 23 வரை சீசனுக்கு 0.5. பள்ளத்தூரில் ஒரு சின்ன கிளப் பையனை 13 முதல் 16 வயது வரை நான்கு சீசன் வைத்திருந்தது, பின்னால் அவர் ஒரு கோடி ரூபாய்க்கு வெளிநாடு போனார் என்றால்: 13, 14, 15 வயதுக்கு 0.75, 16-க்கு 0.5, மொத்தம் 1.25 சதவீதம், அதாவது 1,25,000 ரூபாய். ஒரு வருஷத்துப் பந்தும் வலையும் அதில் முடிந்துவிடும். 2022-இல் இருந்து இந்தப் பணத்தை ஃபிஃபாவின் தனித் தீர்வகம் (கிளியரிங் ஹவுஸ்) பிரிக்கிறது. அது பார்ப்பது பதிவை மட்டும்தான். மாவட்டப் போட்டிக் குழுப்படம், கோப்பை, செய்தித்தாள் நறுக்கு எதுவும் எடுபடாது. பையன் 12 வயதில் சேர்ந்த மாதமே கிளப்பையும் அவனையும் சம்மேளனப் பதிவில் ஏற்றி, ஒவ்வொரு சீசனும் புதுப்பித்திருக்க வேண்டும்.

வேலையா, கிளப்பா

தமிழ்நாட்டு ஆட்டக்காரர் வீட்டில் இந்தப் பேச்சு வராமல் இருக்காது. இந்தியன் வங்கி, வருமான வரித் துறை, ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே போன்ற அணிகளில் விளையாட்டு ஒதுக்கீட்டு வேலை என்பது மாதா மாதம் வருகிற பணம். வேலையில் சேர்ந்த பிறகு தொழில்முறை கிளப்புக்கு ஆட, அலுவலகத்தின் எழுத்து அனுமதி வேண்டும். எல்லா இடமும் தருவதில்லை, சேரும் முன்பே கேளுங்கள். மத்திய அரசு வேலைகளுக்குப் படிவம் உண்டு: நாட்டுக்காக ஆடியவருக்குப் படிவம் 1, மாநிலத்துக்காக 2, பல்கலைக்கழகத்துக்காக 3, பள்ளிக்காக 4. மாநில அணிகள் மோதும் சந்தோஷ் டிராபி ஆடி முடித்தால் ஊருக்கு ரயில் ஏறும் முன் படிவம் 2-ஐ நிரப்பி மாநிலக் கால்பந்துச் சங்கச் செயலாளரிடம் கொடுத்துவிடுங்கள். நாலு வருஷம் கழித்துப் போனால் செயலாளரும் மாறியிருப்பார், அந்த வருஷத்துக் கோப்பும் கிடைக்காது.